நாற்காலி வாடகை

ஹோட்டலில் காப்பி விலை பத்துப் பைசா ஏறினால் ஊரே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசிய காலத்தில் வளர்ந்தவன் நான். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் கரும்பலகையில், மெதுவடைக்கும் ரவா தோசைக்கும் நடுவே, பழைய விலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புது விலையைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் பழைய எண் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் வயிறெரிவோம். "பால் ஏறிப்போச்சு சார், சர்க்கரையும் ஏறிப்போச்சு, நாங்க என்ன பண்றது" என்று முதலாளி, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், சில்லறையோடு சேர்த்து ஒரு சமாதானமும் கொடுப்பார். விலையேற்றத்துக்கு அப்போது கொஞ்சம் கூச்சம் இருந்தது. இப்போது பலகை ஒளிர்கிறது. ஒளிர்கிற பலகையில் பழைய எண்ணின் தடம் தங்குவதில்லை. அண்மையில் பழைய மகாபலிபுரம் சாலையில், மகளின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் அவள் அழைத்துப்போன காப்பிக் கடையில், நுரை மேல் இலை வரைந்த ஒரு கோப்பைக்கு 300 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். சமாதானம் சொல்ல யாரும் வரவில்லை. பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்கள், கோப்பையில் எழுதுவதற்காம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வத்தலக்குண்டிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் அறையில் நான்காவது ஆளாகக் கிடந்த நாட்களில், மாதக் கடைசிக் காப்பி என்பது தனியாள் வாங்குகிற பொருளே இல்லை. "ஒன் பை டூ" என்றால் போதும். சர்வர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் ஒரு காப்பியும் ஒரு காலி டம்ளரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒன்றரை ரூபாயோ ஒன்றேமுக்கால் ரூபாயோ விலை இருந்த அந்தக் காப்பியை நாங்கள் பங்கு போட்ட நேர்மையை, பிற்பாடு எங்கள் குடும்பங்களில் நடந்த எந்தப் பாகப்பிரிவினையிலும் நான் பார்க்கவில்லை. ஒருவன் ஊற்றுவான், மற்றவன் எடுத்துக்கொள்வான், அதுதான் சட்டம். டவராவின் அடியில் கரையாமல் தங்கிய சர்க்கரை யாருக்கு என்பதில் மட்டும் அவ்வப்போது மேல்முறையீடு வரும். இந்தக் கதையை மகளிடம் சொல்லி, இப்போதும் ஒன்று வாங்கி இரண்டு பேரும் குடிக்கலாமே என்றேன். "அப்பா, ப்ளீஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் எனக்கு இருந்த ஆசைகளில் பணச் செலவு இல்லாதது ஒன்றே ஒன்றுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்: ஒரு காப்பிக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுத வேண்டும். இருத்தலியவாதிகளான சார்த்தரும் சிமோன் த பொவ்வாரும் பாரீஸின் கஃபே த ஃப்ளோரில் உட்கார்ந்துதான் எழுதினார்கள் என்று ஏதோ ஒரு சிறுபத்திரிகையில் படித்துவிட்டு, ஜோல்னாப் பையும் பாதி முளைத்த தாடியுமாக, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனை ஹோட்டலுக்குப் போவேன். இருத்தலியம் ஏழு நிமிடம் நீடிக்கும். காப்பி வந்து வைத்த கையோடு சர்வர் ஒருமுறை மேசையைத் துடைப்பார். என் நோட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இன்னொருமுறை துடைப்பார். "வேற என்ன சார்?" என்பார், அந்தக் கேள்விக்கு ஊரில் எல்லாருக்கும் பொருள் தெரியும். பிறகு பில்லைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் செருகுவார். அதற்கும் அசையாவிட்டால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு, அதை ஹோட்டல்காரர் ஏவ வேண்டியதே இல்லை: அடுத்து உட்கார வேண்டியவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வந்து நின்றுகொண்டு, என் டவராவில் இன்னும் எத்தனை வாய் பாக்கி என்று எட்டிப் பார்ப்பார். இவ்வளவுக்கும் எதிரே சுவரில் "இங்கு அரசியல் பேசக்கூடாது" என்ற பலகை வேறு. அரசியலின் மேல் அவர்களுக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. அது நாற்காலியைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாற்காலியில் மணிக்கு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து எழுந்தால்தான் ஒன்றரை ரூபாய்க் காப்பி கட்டுப்படியாகும் என்ற கணக்கு எனக்கு அப்போது உறைக்கவில்லை. சர்வருக்கு இலக்கிய உணர்வு போதாது என்று முடிவுகட்டி, பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே நேரு வீதியில் இந்தியன் காஃபி ஹவுஸ். வெள்ளை உடுப்பும் விசிறி வைத்த தலைப்பாகையுமாக வந்த பணியாளர், ஒரு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொர்க்கம் என்று நினைத்தேன். (பிற்பாடு, 2001-இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் யான் மார்ட்டெல் அதே காஃபி ஹவுஸைக் கொண்டுவந்துவிட்டார், அங்கே உட்கார்ந்து நான் எழுதியவை எந்த முன்னுரைக்கும் போய்ச் சேரவில்லை.) அந்தப் பணியாளரின் நிதானத்துக்குக் காரணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் காஃபி ஹவுஸ்களின் கதை 1936-இல் பம்பாயில் தொடங்குகிறது. நம் ஊர்க் காப்பிக்கு உள்ளூரிலேயே சந்தை பிடிக்க வேண்டும் என்று திறந்தார்கள், பிறகு அவை காப்பி வாரியத்தின் கைக்கு வந்தன. ஐம்பதுகளின் நடுவில் வாரியம் கடைகளை மூட ஆரம்பித்ததும், வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957-இல் பெங்களூரிலும் அடுத்தடுத்து மற்ற ஊர்களிலும் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தவர் வெறும் சம்பளக்காரரல்லர், பங்குதாரர். முதலாளி முறைக்காத இடத்தில்தான் காப்பி ஆறும்வரை உட்கார முடியும் என்ற பொருளாதாரம் எனக்கு அங்கேயே புரிந்திருக்கலாம்; நான் தலைப்பாகையைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

சென்னையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பெயரைச் சொன்னால் ஐம்பது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் பலர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். நீங்களும் விட்டுக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன். 1962-இல் திறந்த அந்த இடத்தில், பெரிய மரங்களின் நிழலில் காரை நிறுத்தினால் கண்ணாடியில் மாட்டுகிற தட்டில் இட்லியும் காப்பியும் வரும். காரில்லாதவர்களுக்கு உள்ளே நாற்காலிகள். மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய டாக்டர் சந்திப்புகளை அங்கே உட்கார்ந்தபடியே எழுதி முடிப்பார்கள். உதவி இயக்குநர்கள் இன்னும் எடுக்கப்படாத படத்துக்கு இடைவேளை எங்கே என்று சண்டை போடுவார்கள். வீட்டில் சொல்லாமல் வந்த ஜோடி, சொல்லிவிட்டு வந்த ஜோடியைப் பார்த்துப் பொறாமைப்படும். ஒரு காப்பிக்கு ஒரு பிற்பகல். எங்களுக்கெல்லாம் அது ஹோட்டல்காரரின் பெருந்தன்மை என்று நினைப்பு. பெருந்தன்மையும் இருந்திருக்கலாம், ஆனால் நகரத்தின் நடுவே, ஜெமினி மேம்பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஏக்கர் கணக்கில் விரிந்து கிடந்த அந்த நிலம் குத்தகை நிலம், அரசின் நிலம். நாங்கள் குடித்த காப்பியின் விலையில் அந்த இடத்தின் சந்தை விலை ஒரு துளியும் சேரவில்லை. 2008-இல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, டிரைவ்-இன் மூடப்பட்டது, 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. மரங்கள் இருக்கின்றன, உட்கார பெஞ்சும் இருக்கிறது. எடுக்கப்படாத அந்தப் படத்தின் இடைவேளைச் சண்டைதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், காப்பி விலையில் நாற்காலி ஒளிந்திருக்கிறது என்பதை நம் ஊர் ஹோட்டல்கள் நம்மிடம் மறைத்ததே இல்லை. எழுதியே போட்டிருந்தார்கள்: "ஏ.சி. அறையில் விலை தனி". ஒரே அடுப்பு, ஒரே மாஸ்டர், ஒரே டிகாக்ஷன். நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதே காப்பி இரண்டு ரூபாய் கூட. நாங்கள் ஏ.சி. அறைக்குப் போவது ஊரிலிருந்து மாமா வந்தால்தான். அவரும் உள்ளே போனதும் முதலில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "குளிருக்கும் சேத்துக் காசு வாங்குறானா? அப்ப நல்லா ஒக்காந்துட்டுப் போவோம் மாப்ள" என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சாய்வார். மாமா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இந்தியப் பேரரசுக்கும் பிற்பாடு அதே ஞானம் வந்தது: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலானபோது ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதம் என்று வரி போட்டார்கள். அந்த நவம்பரிலேயே இரண்டையும் 5 சதவீதமாக்கிச் சமரசமானார்கள். இத்தாலியில் இதைவிட வெளிப்படை. நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, அதே எஸ்பிரஸோவை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னால் வேறு விலை. நம் புதிய கடைகளில் மட்டும் நின்று குடிப்பவனும் உட்கார்ந்தவனுக்கான வாடகையைச் சேர்த்துக் கட்டுகிறான். வாங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கணக்குப் படித்தவள். காகிதத் துடைப்பானில் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒரு பேச்சுக்கு இந்தக் கடைக்கு மாத வாடகை 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பது நாற்காலி. நாற்காலிக்கு மாதம் 10,000. நாளைக்கு 333. பன்னிரண்டு மணி நேரம் திறந்திருந்தால் ஒரு நாற்காலி ஒரு மணி நேரத்துக்கு 28 ரூபாய் சம்பாதித்தாக வேண்டும், வெறுமனே அங்கே நிற்பதற்காக. ஒருவர் மடிக்கணினியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 84. பாதி நேரம் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, அந்தக் காலி நேரத்துக்கும் யாராவது கட்ட வேண்டும் என்றால் 168. அப்புறம் ஆள் சம்பளம், எஸ்பிரஸோ இயந்திரம் ஒன்றே சில லட்சங்கள், ஏ.சி., மின்சாரம், இணையம், கோப்பை, மூடி, சுடாமல் பிடிக்க மூடிக்குக் கீழே ஓர் அட்டை வளையம். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளுக்குத் தரகு. கடைசியில்தான் காப்பிக்கு வந்தாள். இரட்டை ஷாட்டுக்கு 18 கிராம் தூள், கிலோ 1,000 ரூபாய் என்றால் 18 ரூபாய். 200 மில்லி பால், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 என்றால் 12 ரூபாய். ஆக முப்பது. "பாத்தீங்களாப்பா, நாம காப்பிக்கா காசு குடுக்கிறோம்? ஒக்கார்றதுக்குக் குடுக்கிறோம்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிய ஒருவனின் நினைவு வந்துவிட்டது.

ஆனால் அந்த 18 கிராமைப் பற்றி வத்தலக்குண்டுக்காரனுக்குச் சொல்ல இரண்டு வார்த்தை உண்டு. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பட்டிவீரன்பட்டி. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் விளைகிற காப்பி அங்கே இறங்கி வரும். தோல் நீக்கி, சலித்து, தரம் பிரிப்பார்கள். எங்கள் தெருச் சித்திமார்கள் சிலர் அங்கே கொட்டை பொறுக்கப் போனவர்கள். சணல் சாக்கைப் பிரித்துக் கொட்டி, கருத்தது, உடைந்தது, பூச்சி தின்றது என்று விரல்நுனியால் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டே போவார்கள். கண் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற தரப் பெயர்களெல்லாம் எங்களுக்குக் கடைக்காரர் சொல்லித் தெரிந்தவையல்ல, சித்திமார் சொல்லித் தெரிந்தவை. சாயங்காலம் அவர்கள் கடந்துபோனால் முந்தானையில் பச்சைக் கொட்டை வாசம் அடிக்கும். அது காப்பி வாசம் இல்லை, நனைந்த வைக்கோலுக்குச் சொந்தமான ஏதோ ஒன்று. அவர்கள் கைபட்ட கொட்டையின் விலை நியூயார்க்கில் முடிவாகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2001-இல் அந்த விலை பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போயிற்று. இன்றைய இரட்டை ஷாட் கணக்குப்படி ஒரு கோப்பைக்குள் இருந்த கொட்டையின் மதிப்பு ஏறத்தாழ ஒரு ரூபாய். தோட்டக்காரர்கள் செடியைப் பிடுங்கலாமா என்று யோசித்த அந்த ஆண்டுகளில்தான் நம் நகரங்களில் கண்ணாடிக் கதவு காப்பிக் கடைகள் வரிசையாகத் திறந்தன. கொட்டை விலை விழுந்ததற்காக எந்தக் கடையும் கப்புச்சினோ விலையைக் குறைத்ததாக எனக்கு நினைவில்லை. 2025 பிப்ரவரியில் அதே விலை 4 டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தது. அப்படியும் கோப்பைக்குள் இருக்கும் கொட்டைக்கு 16 ரூபாய்தான் வருகிறது. 300 ரூபாய்க்கு 5 சதவீத வரி 15 ரூபாய். மலையில் செடி வளர்த்து, பறித்து, காயவைத்து, பொறுக்கிக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கிடைப்பதும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அரசுக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒரே தொகை. அதுவும் அதுவரை இல்லாத விலை வந்த மாதத்தில்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பிடிபட்டிருக்காது. அவள் போட்டது வரக்காப்பி. உரலில் இடித்த தூள், தட்டிப்போட்ட கருப்பட்டி, தோன்றினால் ஒரு துண்டு சுக்கு. பால் விருந்தாளிக்குத்தான். எங்களுக்கும் பாலுக்கும் நடுவே விருந்தாளி என்று ஒரு ஆள் வேண்டியிருந்ததால், மாமா வரும் பஸ்ஸை நாங்கள் அவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்தோம். பால் இல்லாத காப்பி இல்லாதவர்களின் காப்பி என்று நினைத்து வளர்ந்த எனக்கு, எஸ்பிரஸோவில் வெந்நீர் ஊற்றிய அமெரிக்கானோவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் என்று பார்த்தபோது, அப்பத்தா தன் காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டாள் என்று தோன்றியது. பால் வேண்டாம் என்றாலும் விலை பெரிதாகக் குறைவதில்லை. மாட்டுப் பால் வேண்டாம், ஓட்ஸ் பால் வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம். மாடு இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, கோல்ட் புரூ. அந்தக் காலத்தில் ஆறிப்போன காப்பியைக் கொண்டுவந்து வைத்தால் சர்வரைக் கூப்பிட்டு, மேசையைத் தட்டி, "இதை மனுஷன் குடிப்பானா?" என்று சண்டை போட்டுத் திருப்பி அனுப்புவோம். இப்போது பச்சைத் தண்ணீரில் பதினாறு, பதினெட்டு மணி நேரம் தூளை ஊறவைத்து, சூடு என்பதையே காட்டாமல் வடித்து, பாட்டிலில் அடைத்து, எல்லாவற்றையும்விடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வருத்தம்.

எஸ்பிரஸோ என்ற பேரைக் கேட்டதும் என் தலைமுறைக்கு இத்தாலி நினைவுக்கு வராது, கல்யாண வரவேற்பு நினைவுக்கு வரும். மண்டப வாசலில், பன்னீர் தெளிக்கிற பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, பளபளவென்று ஒரு இயந்திரம் நிற்கும். அதன் மூக்கைப் பாலுக்குள் விட்டு ஒருவர் திருகினால் ரயில் புறப்படும் சத்தம் கேட்கும், உள்ளே நாதஸ்வரம் ஒரு கணம் தோற்றுப்போகும். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, நுரை ததும்பும் பால், மேலே ஒரு சிட்டிகை கோகோத் தூள். மொய்க் கவரில் பதினோரு ரூபாய் வைத்துவிட்டு நாங்கள் இரண்டாம் முறையும் வரிசையில் நிற்போம். இயந்திரக்காரர் முகத்தை நினைவு வைத்திருப்பார், ஆனால் சொல்ல மாட்டார். எண்பதுகளில் மணமகளின் அப்பா கடன் வாங்கி எங்களுக்கு இலவசமாக ஊற்றிய அந்த நுரையும் கோகோத் தூளும்தான் இன்றைக்கு இலை வரைந்து 300 ரூபாய்க்கு என் மேசைக்கு வந்திருக்கிறது. ருசி? பொய் சொல்லக்கூடாது, இது மேல். அது காப்பியே இல்லை. ஆனால் ஒரு காப்பியை அவ்வளவு வேடிக்கை பார்த்து நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

இந்த இடத்தில் பழைய காப்பியின் மலிவைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர்ந்தால் நான் எழுதியதெல்லாம் வெறும் ஏக்கமாகிவிடும். அந்த ஒன்றரை ரூபாய்க் காப்பிக்கு நாங்கள் கொடுக்காத பாக்கியை வேறு சிலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்வர் மேசையைத் துடைப்பார் என்று சொன்னேனே, சில ஹோட்டல்களில் மேசை துடைத்தவனுக்குப் பத்து வயது, பதினோரு வயது. ஊரிலிருந்து யாரோ கூட்டிவந்து விட்டவன். ராத்திரி கடை மூடியதும் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு அதன் மேலேயே படுத்துக்கொள்வான். அவனை நாங்கள் எல்லாரும் "டேய் பையா" என்றே கூப்பிட்டோம். ஹோட்டலிலும் டீக்கடையிலும் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-இல்தான் வந்தது. நான் குடியிருந்த அதே திருவல்லிக்கேணியில், எனக்கு முன்னால், 1957-இல் முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் நாள்தவறாமல் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள்; பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி. கிராமத்து டீக்கடைகளில் சேரிக்காரர்களுக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காப்பியும் மலிவுதான். என் அம்மா சென்னைக்கு வந்தபோது ஹோட்டலில் நாங்கள் "ஃபேமிலி ரூம்" என்ற பொந்துக்குள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தனியாக ஒரு பெண் பொது மேசையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை அவள் தன் வாழ்நாளில் யோசித்திருக்கமாட்டாள். அவளுடைய பேத்தி, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்கிறாள். வேற என்ன மேடம் என்று யாரும் கேட்பதில்லை. பேரைக் கேட்கிறார்கள், ஊரைக் கேட்பதில்லை, தெருவைக் கேட்பதில்லை. முந்நூறு ரூபாய் இருக்கிறதா என்பதே ஒரே கேள்வி. அது இல்லாதவர்கள் கதவைத் தள்ளுவதே இல்லை என்பது வேறு விஷயம். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தபோது, கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றவர் தெருவோரச் சைக்கிள் டீக்காரரிடம் காகிதக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வியாபாரிகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நமக்கு எது மேல் ஏக்கம் என்று கண்டுபிடித்து அதையும் பலகை எழுதிப் போட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், கும்பகோணத்துக்கும் அந்தக் கடைக்கும் இடையே எத்தனை மாவட்டம் இருந்தாலும், கும்பகோணம் டிகிரி காப்பி என்று மைலுக்கு ஒரு கடை. பளபளக்கும் பித்தளை டவரா செட். எங்கள் வீட்டில் பித்தளை டவரா இருந்தபோது, ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுக்கும் நாளில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. எவர்சில்வர் வந்ததும் அம்மா அத்தனையையும் எடைக்குப் போட்டு, சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். எடைக்குப் போட்டதை இப்போது நான் வண்டியை நிறுத்திக் காசு கொடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கிறேன். அடுத்த கடையில் கருப்பட்டிக் காப்பி. குடிக்கிறவர்களில் பாதிப் பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். மீதிப் பேர் என் வயதுக்காரர்கள், டவராவைச் சுண்டிப் பார்க்கிறார்கள், சத்தம் சரியாக இருக்கிறதா என்று.

ஆகவே, என் வயது ஒத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் அழைத்துப் போகிற கடையில் விலையைப் பார்த்ததும் "இந்தக் காசுக்குக் கால்கிலோ பீபெரி வாங்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள்; அது அவர்களுக்கும் தெரியும். வாங்கியதும் மளமளவென்று குடித்துவிட்டு, பழைய பழக்கத்தில், யாரோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார் என்ற நினைப்பில் எழுந்துவிடாதீர்கள். உங்கள் முன்னால் இருப்பதில் காப்பி முப்பது ரூபாய்க்குத்தான். மிச்சம் இருக்கிற 270-க்கும் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும். நல்ல காப்பி குடிக்க வேண்டுமானால் வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள்.